வெங்காய அழுகலும் வைத்தியசாலைக் கிருமியும்

நியூயோர்க் மாநிலத்துக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் பர்க்ஹோல்டர் என்பவர், வெங்காயத்தின் சதையிதழ்களை ஒவ்வொன்றாகக் குழையச் செய்து புளித்த நாற்றம் வீசப்பண்ணும் ஓர் அழுகலுக்குக் காரணமான பற்றீரியாவைப் பிரித்தெடுத்து 1950 ஆம் ஆண்டில் விவரித்தபோது, அது வெங்காயம் பயிரிடுவோர்க்கும் விற்போர்க்கும் உரிய விஷயமாகவே இருந்தது; நோயாளியின் படுக்கையருகே நிற்கும் வைத்தியருக்கு அதில் யாதொரு சம்பந்தமும் புலப்படவில்லை. ஆனால் அடுத்து வந்த சில தசாப்தங்களுக்குள், அதே கிருமி சுவாசக் கருவிகளின் நீரிலும், காயம் கழுவும் திராவகங்களிலும், கிருமிநாசினி என்று பெயர் ஒட்டிய போத்தல்களிலுங்கூட வாசம் செய்வது கண்டறியப்பட்டது. பின்னாளில் பர்க்ஹோல்டேரியா செப்பேசியா என்று, கண்டவரின் பெயரையே சூட்டிக்கொண்ட இந்தக் கிருமிக்குச் சொந்த ஊர் மண்ணும் நீரும் வேர்களும்தான். வைத்தியசாலை அதற்குப் பிற்காலத்தில் வாய்த்த வாசஸ்தலம்.

1979 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் இதன் சுபாவத்தை நன்கு விளக்குகின்றன. முதலாவது, பிற கிருமிகளைக் கொல்லும் பெனிசிலினையே தனக்கு வேண்டிய காபன் சத்தாக உட்கொண்டு இது விருத்தியடைய வல்லது என்பதைக் காட்டியது. கொல்ல வந்த ஔஷதம் போஜனமாகிவிட்ட விந்தை அது. இரண்டாவது, பென்சல்கோனியம் குளோரைட்டு என்னும் பாதுகாப்புப் பொருள் சேர்த்த உப்புக்கரைசலொன்றில் இக்கிருமி 14 வருஷங்கள் உயிரோடிருந்ததைப் பதிவு செய்தது. கண்ணில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில், போத்தலைத் திறந்த பின்னர் கிருமி சேராதிருக்கும்பொருட்டுச் சேர்க்கப்படுவது இதே பென்சல்கோனியம் குளோரைட்டுத்தான் என்பதை வாசகர் மனத்திலிருத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் சம்பவத்தின் பயங்கரம் விளங்கும்.

2023 ஏப்ரல் மாதத்தில், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை நீக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளர் பலருக்கு, சிகிச்சைக்குப் பின் வீக்கம் தணிவதற்காக விடப்பட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தினால் கண்ணின் உட்புறத்திலே கடுமையான தொற்று ஏற்பட்டு, அவர்களுட் சிலர் பார்வையையே இழந்தனர். இழந்த ஒளியைத் திரும்பப் பெறலாமென்று சென்றவர்கள், இருந்த மங்கிய ஒளியையும் பறிகொடுத்துத் திரும்பினார்கள். அம்மருந்து இந்தியாவின் குஜராத் மாநிலத்துத் தொழிற்சாலையொன்றிலிருந்து வந்தது. விஷயம் வெளியானதும் அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷத்திலிருந்தே, சென்னையை அடுத்த தொழிற்சாலையொன்றில் தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளோடு தொடர்புபட்ட தொற்று ஐக்கிய அமெரிக்காவில் பரவி, 18 மாநிலங்களில் 81 பேரைப் பீடித்து, 14 பேரின் பார்வையைக் கெடுத்து, நால்வரின் கண்களை அகற்றச் செய்து, நால்வரின் உயிரையும் குடித்தது. அங்கே பிடிபட்ட கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா; அதுவும், கடைசி ஆயுதமென வைத்தியர்கள் காத்து வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கு அடங்காத ஒரு வம்சம்.

சொட்டு மருந்து முதலிய திரவங்களில் மாசு நேர்ந்தால் பரிசோதனைக்கூடத்தார் முதலில் ஐயுறும் கிருமிகளிற் பிரதானமானவை இவ்விரண்டுமே: பர்க்ஹோல்டேரியாவும் சூடோமோனாசும். இரண்டும் மண்ணில் வாழ்வன. இரண்டும் ஈரமிருந்தால் போதும் என்று திருப்தியடைவன. மருந்துகளை எதிர்க்கும் கலையில் இரண்டுக்கும் பிறவியிலேயே பாண்டித்தியம் உண்டு. வைத்தியசாலைக் கிருமி என்று நாம் தனியாக ஒரு ஜாதியைக் கற்பித்துக்கொண்டு, அது வாட்டுகளின் சுவர்களுக்குள்ளேயே பிறந்து அங்கேயே இறப்பதாக எண்ணிக்கொண்டிருப்பது பெரும் பிரமை. தோட்டத்து மண்ணுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் இடையில் போக்குவரத்து இடையறாது நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாதையைக் கண்டறிவதற்கு நுவரெலியாவைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பாதையைச் சொல்லுமுன், பயணியின் மூட்டைமுடிச்சைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நாம் பாவிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளிற் பெரும்பாலானவை பரிசோதனைக்கூடத்துச் சிருஷ்டிகளல்ல. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பற்றீரியாக்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கோடானுகோடி வருஷங்களாகச் சுரந்து வந்த பொருள்களை மனிதன் எடுத்துச் சுத்திகரித்துக்கொண்டான். 1943 இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்திரெப்டோமைசின் அவ்வாறு மண்வாழ் பற்றீரியாவொன்றிடமிருந்து கிடைத்ததே. எறியும் ஆயுதம் அத்தனை புராதனமென்றால் தாங்கும் கவசமும் அத்தனை புராதனமாகவே இருக்கவேண்டுமன்றோ? 30,000 வருஷங்களாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த மரபணுக்களிலே மருந்தெதிர்ப்புக்குரியவை இருந்தனவென்று 2011 இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எதிர்ப்புச் சக்தியை மனிதன் உண்டாக்கவில்லை. அரிதாயிருந்ததை மலிவாக்கினான், மண்ணோடு மண்ணாய்க் கிடந்ததை மனித தேகத்தில் வாழும் கிருமிகளின் கைக்கு எட்டச் செய்தான்.

எட்டியது எப்படி என்பதை ஜப்பானிய வைத்தியர்கள் 1950களிலே கண்டார்கள். சீதபேதியை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமி, ஸ்திரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின், குளோரம்பெனிகோல், சல்பா ஆகிய நான்கையும் ஒரே தாவலில் வென்றுவிட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பழகி வென்றிருக்கக் காலம் போதாது. வேறொரு குடற்கிருமியிடமிருந்து முழு வித்தையையும் ஒரே தொடுகையில் பெற்றிருந்தது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையமொன்று, ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குப் பிரதி செய்யப்பட்டுச் செல்கிறது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஒரு காம்பறாவின் அடுப்பு அணைந்துபோனால் அடுத்த காம்பறாவிலிருந்து ஒரு கொள்ளி வாங்கிவந்து மூட்டுவார்கள் அல்லவா? கொடுத்தவள் அடுப்பு அதனால் அணைந்துவிடுவதில்லை. வாங்கியவள் உறவுக்காரியாயிருக்க வேண்டுமென்பதும் இல்லை. பிளாஸ்மிட்டும் அவ்வாறே, கொடுத்த கிருமியிடம் குறைவுபடாமல், ஜாதி பேதம் பாராமல் பரவுகிறது. மண்ணிலிருந்து வந்த தீங்கற்ற பற்றீரியா ஒன்று குடலிற் சில நாட்களே தங்கிப்போனாலும், போவதற்குள் கொள்ளியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இவ்வகைப் பரிமாற்றத்தில் உலகப் பிரசித்தி பெற்ற மரபணுவொன்றின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. கார்பபெனெம் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்குகிற என்.டி.எம்.-1 என்னும் அம்மரபணு சென்னை, ஹரியானா, பாகிஸ்தான், பிரித்தானியா ஆகிய இடங்களின் நோயாளரிடம் பரவியிருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் கார்டிப் நகரத்துத் திமோதி வால்ஷும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2010 இல் லான்செட் குழுமச் சஞ்சிகையொன்றில் அறிவித்தனர். அதன் பெயரிலே புதுடில்லி இடம்பெற்றதையிட்டு இந்தியாவில் எழுந்த கோபாவேசத்தில் அடுத்த வருஷம் வெளிவந்த உண்மை அமிழ்ந்துபோயிற்று. புதுடில்லியின் குழாய் நீரில் எடுத்த 50 மாதிரிகளுள் 2 இலும், தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரின் 171 மாதிரிகளுள் 51 இலும் அம்மரபணு இருந்தது. வாட்டைவிட்டு வெளியே காலடி வைத்திராத பிரஜையும் அதனை அருந்திக்கொண்டிருந்தான் என்பதே அதன் பொருள்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். 1848 அளவில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவிலே குடியேற்றப் பண்ணையொன்றை ஏற்படுத்தி ஐரோப்பியப் பயிர்களைப் பயிரிட முற்பட்ட காலந்தொட்டு, தேயிலைக்கும் முன்பிருந்தே அப்பிரதேசம் குளிர்தேசத்து மரக்கறிக்குப் பேர் பெற்றுவந்திருக்கிறது. இன்று கந்தப்பளை, இராகலை, சீதா எலிய, மீப்பிலிமான பக்கங்களிலே, தேயிலைச் சரிவு முடியுமிடத்தில் படிப்படியாய் வெட்டிய பாத்திகளில் கரட்டும் லீக்சும் கோவாவும் பீற்றூட்டும் உருளைக்கிழங்கும் வருஷம் முழுதும் விளைகின்றன. லயத்தின் முன்னும் பின்னும் கிடைத்த இரண்டு முழ நிலத்தையும் சும்மா விடாமல் பாத்தி கட்டிப் பிழைக்கும் தோட்டத் தொழிலாளரும் இவ்விளைச்சலிற் பங்காளிகள். கொழுந்து பறித்த கையே மாலையில் லீக்ஸ் நாற்றை நடுகிறது.

இந்தப் பாத்திகளுக்குப் பிரதான போஷணை கோழி எரு. லொறி லொறியாய்த் தாழ்நிலத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து மூட்டைகள் ஏறிவருகின்றன. அவை வந்து இறங்கிய செய்தியை வாசனையே அறிவித்துவிடும். கோழிகளுக்கு நோய் வராதிருக்கவும், உலகின் பல பாகங்களில் விரைந்து கொழுக்கவும், மனிதருக்குக் கொடுக்கும் அதே மருந்து வர்க்கங்களே தீனியிலும் நீரிலும் கலந்து கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. உட்கொண்ட டெட்ராசைக்கிளினிற் பெரும்பகுதி சிதையாமலே எச்சத்தோடு வெளியேறி, மண்ணின் களித்துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு வெகுகாலம் தங்குகிறது. அதனோடு கோழியின் குடலில் அம்மருந்தை வென்று தேறிய கிருமிகளும் வந்து சேர்கின்றன. நன்றாகக் குவித்து மூடி, உட்சூடு 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாட்கள் நிற்கும்படி மக்கவைத்த எருவிலே இக்கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். மக்காத எருவை இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் பயிரை அதன்பின் 120 நாட்கள் கழிந்தே அறுவடை செய்யவேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இயற்கை விவசாய விதி. கரட்டோ விதைத்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் கிளம்பிவிடுகிறது. விதைக்கும்போது பச்சை எருவை இட்டவன் அவ்விதியை எவ்வாறு கைக்கொள்வான்? ஆறப்போட்டு மக்கவைக்க இடமும் இல்லை, காத்திருக்கக் கடன்காரன் விடுவதும் இல்லை. இதில் விவசாயியை மட்டும் கோபிப்பது நியாயமாகாது.

கிளப்பிய கரட்டைச் சந்தைக்கு அனுப்புமுன் கழுவவேண்டும். மண் ஒட்டிய கரட்டைக் கொழும்பு வியாபாரி தொடமாட்டான். அருகிலோடும் ஓடைநீரே கழுவுநீர். அந்த ஓடையின் மேற்புறத்தில் லயங்கள் இருக்கலாம், மாட்டுப்பட்டி இருக்கலாம், மலசலகூடத்துக் குழி நிறைந்து வழியலாம். மாசு அகற்றுவதற்காகச் செய்யும் காரியமே ஒரு பாத்தியின் கிருமியை நூறு பாத்திகளின் விளைவுக்கு விநியோகம் செய்யும் உபாயமாகிவிடுகிறது. ஹோட்டன் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் மகாவலியும் களனியும் வளவையும் தோற்றங்கொள்கின்றன. நுவரெலியாவின் நானு ஓயா கொத்மலை ஓயாவோடு கூடி மகாவலியை அடைகிறது; ஹட்டனுக்கு அப்பால் டிக்கோயா, நோர்வூட் சுற்றுப்புறத்து நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கிப் பின் களனியாய்ப் பெருகிக் கொழும்புக்குத் தாகந் தீர்க்கிறது. மலையில் நேர்வது மலையோடு நிற்பதில்லை.

மரக்கறி வழியாகக் கிருமி வைத்தியசாலைக்குள் நுழைகிறதென்பதற்குச் சான்று 1972 இலேயே கிடைத்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியசாலையொன்றில் கொமினோஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், சமையற்கூடத்துக்கு வந்த பச்சை மரக்கறிகளைப் பரிசோதித்து, தக்காளி, முள்ளங்கி, செலரி, கரட், கோவா, வெள்ளரி, வெங்காயம், சலாது இலை ஆகியவற்றிலெல்லாம் சூடோமோனாஸ் ஏருஜினோசாவைக் கண்டார்கள். நோயாளி ஒருவர் ஒரு வேளைத் தக்காளிச் சலாதுடன் சுமார் 5,000 கிருமிகளை விழுங்கக்கூடுமென்று கணித்தார்கள். வெட்டும் பலகையிலும் கத்தியிலும் சமையற்காரர் கைகளிலும் அவை இருந்தன. நோயாளரிடம் கிடைத்த வகைகளோடும் ஒத்திருந்தன. மறுவருஷம் லான்செட்டில் வெளியான குறிப்பொன்று, படுக்கையருகே வைக்கும் பூச்சாடியின் நீரும் அத்தகைய கிருமிகளின் இருப்பிடமென்று சொல்லியது. பூக்களுக்கும் பேர்போன நுவரெலியா வாசிகளுக்கு இது கசப்பான செய்திதான். ஆயினும் தீக்காய வாட்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பூக்கள் தடுக்கப்படுவது தகுந்த காரணத்தோடுதான்.

2011 மே மாதத்தில் வட ஜேர்மனியில் நடந்தது இவற்றையெல்லாம் மிஞ்சியது. திடீரெனப் பலருக்கு இரத்தக் கழிச்சல் கண்டு, சிறுநீரகம் செயலற்று, ஹம்பர்க் நகர வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. முதலில் ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காய்மீது பழி விழுந்து, அந்நாட்டு விவசாயிகள் விற்க வழியின்றி டன் கணக்கில் கொட்டினார்கள், அவர்கள் நிரபராதிகள். உண்மைக் குற்றவாளி நமக்கு மிகவும் பரிச்சயமான ஒன்று: எகிப்திலிருந்து இறக்குமதியான விதையிலிருந்து முளைகட்டிய வெந்தயம். ஏறத்தாழ 4,000 பேர் நோயுற, 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஈ. கோலை வம்சம் பெனிசிலின், செபலோஸ்போரின் வர்க்கங்களை முறிக்கும் நொதியத்தைத் தாங்கிய பிளாஸ்மிட்டையும் உடன் கொண்டிருந்தது. நோயாளரைக் கொன்றது அதன் நஞ்சேயன்றி மருந்தெதிர்ப்பு அன்று என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். என்றாலும் ஒரு பிடி முளைவெந்தயம் எத்தனை சாமான்களை ஒன்றாகச் சுமந்து வரக்கூடும் என்பது அதில் பிரத்தியட்சமாயிற்று.

நம்மவர் சமையல் இவ்விஷயத்தில் நமக்குப் பெரும் கவசம். பருப்போடு கொதித்த லீக்சிலும் தேங்காய்ப்பாலில் வெந்த கரட்டிலும் இக்கிருமிகள் உயிரோடிருப்பதில்லை. பச்சையாக உண்ணும் வல்லாரைச் சம்பலும் சலாது இலையும் கரட் துருவலுமே கவனத்துக்குரியன. ஓடும் நீரில் கழுவினால் கிருமித் தொகை குறையுமேயன்றி முற்றாக நீங்காது, ஏனெனில் இலையின் சுருக்கங்களிலும் வெட்டுவாய்களிலும் அவை பற்றிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமுள்ளவர் பெரும்பாலும் அதற்காக அஞ்சவேண்டியதில்லை. உண்ட கிருமி அவருடைய குடலில் மாதக்கணக்கில் ஓசையின்றிக் குடியிருந்துவிட்டுப் போகலாம். அந்த அவகாசத்தில் அவர் சத்திரசிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ வைத்தியசாலையில் படுக்க நேர்ந்து, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டால், அப்போதுதான் வந்த விருந்தாளி யாரென்று தெரியவரும். வைத்தியரும் அதனை வைத்தியசாலையிலே தொற்றியதென்று எழுதிக்கொள்வார்.

அலெக்சாந்தர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபெல் பரிசு பெற்று நிகழ்த்திய உரையிலே ஒரு கதை சொன்னார். தொண்டைநோவு கண்ட ஒருவர் பெனிசிலினை வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்கு எதிர்ப்பைக் கற்பிக்கப் போதுமான அளவில் உட்கொள்கிறார்; அவரிடமிருந்து தொற்றிய மனைவி, பெனிசிலின் பலிக்காமல் இறக்கிறாள். அந்நாள் முதல் இந்நாள் வரை மருந்தெதிர்ப்பைப் பற்றிய உபதேசங்கள் யாவும் இக்கதையின் வழிவந்தவையே: வைத்தியர் சொற்படி உட்கொள், பாதியில் நிறுத்தாதே, பாமசியில் சீட்டின்றி வாங்காதே. உபதேசம் சரியே. ஆனால் பிளெமிங் தம் கதைக்குத் தெரிந்தெடுத்த தொண்டைக் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே நடக்கிறதென்பது விநோதம். அதைவிட, குற்றம் முழுவதையும் நோயாளியின் தலையில் வைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் பேரைக் கைவிட்டுக் கிளினிக்குக்குப் போனால் அந்த நாட்கூலி போய்விடும் ஒரு பெண், வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் இரண்டை விழுங்கிவிட்டு மலையேறுகிறாள் என்றால், அவளுடைய அறியாமையை மட்டும் காரணமாகக் காட்டும் விஞ்ஞானம் கண்ணை மூடிக்கொண்ட விஞ்ஞானமே.

2018 இல் பீற்றர் கொலிக்னனும் அவருடைய குழுவினரும் 103 நாடுகளின் விபரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்தெதிர்ப்பு மிகுந்திருப்பதற்கும் மருந்துப் பாவனை மிகுந்திருப்பதற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தென்படவில்லை. சுகாதார வசதி, குடிநீர், நல்லாட்சி ஆகியவை குன்றிய இடங்களிலேயே எதிர்ப்பு ஓங்கியிருந்தது. மருந்து எதிர்ப்புக் கிருமியைப் பிறப்பிக்கலாம். அதனை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அசுத்த நீரும் கழிவுமே. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்தெதிர்ப்பு நேர்க்காரணமாயிற்றென்ற மதிப்பீட்டைப் படிக்கும்போது, அவற்றுட் பெரும்பங்கு ஏழை நாடுகளிலே நிகழ்ந்தது ஏனென்பதும் இதனால் விளங்கும்.

இலங்கை 2017 இல் மருந்தெதிர்ப்புக்கெதிரான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய மரபும் இங்குண்டு: 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, வேண்டிய மருந்தை வேண்டிய அளவில், தரம் பார்த்து, நியாய விலையில் வாங்கவேண்டுமென்று உலகுக்கே வழிகாட்டியவர். தரம் பாராத கொள்வனவு கண்ணைப் பறிக்குமென்பதை 2023 நுவரெலியாவில் நிரூபித்துவிட்டது. ஆயினும் திட்டங்கள் பெரும்பாலும் மருந்துச் சீட்டையே சுற்றிவருகின்றன. லயத்துப் பீலிக்கரையும், நிறைந்து வழியும் மலக்குழியும், மக்காத எருமூட்டையும், கரட் கழுவும் ஓடையும் சுகாதார இலாகாவின் ஒரு கோப்பிலும், விவசாய இலாகாவின் மற்றொரு கோப்பிலும், தோட்டக் கம்பனியின் பொறுப்பென்று கைகழுவப்பட்ட மூன்றாவது கோப்பிலும் பிரிந்து கிடக்கின்றன. மலைநாட்டில் ஒரு லயத்துக்குச் சுத்தமான குடிநீரும் ஒழுங்கான மலசலகூடமும் கட்டிக்கொடுப்பது, புதிய நுண்ணுயிர் எதிர்ப்பியொன்றைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறையாத மருத்துவ காரியம் என்பது என் துணிபு; செலவும் அதனிலும் குறைவு.

அது நடக்கும்வரை வாசகர் தம்மளவில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வைத்தியசாலையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது பச்சைச் சம்பலையும் சலாதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெந்த சோறும் வெந்த கறியும் உரித்து உண்ணும் பழமுமே போதும். வாட்டுக்குள் நுழையுமுன் ஒரு முறையும், வெளியே வந்தபின் ஒரு முறையும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுங்கள். அங்கே சவர்க்காரம் வைக்கப்படவில்லையென்றால், பேசாமல் திரும்பிவிடாது தாதியிடமோ வைத்தியசாலை அத்தியட்சகரிடமோ கேளுங்கள்.